ஆறுதலாகச் செய்கிற பிள்ளை

பெற்றோர் டியூஷன் மாஸ்டரிடம் கொண்டுவந்து விடுவது பிள்ளையை என்று வெளியார் நினைப்பார்கள். தங்கள் அவசரத்தைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது இந்தத் தொழிலில் கிடந்து உழன்ற உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். வாரநாளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவேன். சனி ஞாயிறில் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு முன்னறையில் பலகையை மாட்டி மறுபடியும் மாஸ்டராகிவிடுவேன். சோபாவை மாடிப்படிக்குக் கீழே தள்ளி, அது இருந்த இடத்தில் பெஞ்சு போட்டு, மனைவியிடம் ஏச்சு வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை வயதில்?

இங்கே பதினாறு வயதில் எழுதுகிற கணக்குச் சோதனையை முந்தி எழுதவைப்பதுதான் எங்கள் வியாபாரம். நான் மூன்று வழி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து பதினாறில் எழுதினால் ஸ்லோ. பதினைந்தில் செமி ஃபாஸ்ட். பதினாலில் ஃபாஸ்ட். எல்லாம் ரயில்காரர் பாஷை. ஸ்லோவை ஒருவரும் கேட்டதில்லை. ஃபாஸ்ட் ரயில் செவன் கிங்ஸில் நிற்காமல் போவதைத் தினமும் பார்த்தவன்தான் நான். ஆனாலும் அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஒருநாள் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒருவர் லண்டனைக் குறுக்கே கடந்து, பத்து வயது மகனோடு வந்தார். மூன்று வழியையும் பொறுமையாக விளக்கினேன். மீன்கடையில் நிற்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "ஈஸ்ட் ஹாமிலை ஒருத்தர் பதிமூண்டிலை எடுத்துத் தாறாராம், மாஸ்டர். நீங்கள் கடைசியா எத்தினையிலை தருவியள்?"

இரண்டு கணக்கு

தர்ஷினி வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சிவநேசன் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். மற்றப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலத்தில் இருபது கணக்குச் செய்தால் இவள் இரண்டு செய்வாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லிவிட்டு நான் அடுத்ததற்குப் போய்விட்டேன். இவள் போகவில்லை. "ஏன் பிரட்டிறம், மாஸ்டர்?" என்று கேட்டாள். அப்படித்தான் என்றேன். கொப்பித் தாளைக் கிழித்து, மடித்து, வெட்டி, பெஞ்சு முழுக்கத் துண்டுகளைப் பரப்பி, கடைசியில் தானே கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வருஷம் படிப்பித்த எனக்கு அந்தக் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு சர்வகலாசாலையில் கணக்கு மட்டும் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டொக்டர், இஞ்சினியர் தவிர வேறு சொல்லே கேட்டறியாத என் முன்னறையில் அது புதுசாக ஒலித்தது. பக்கத்தில் இருக்கிற பையனுக்கு மட்டும் அவளால் பெரிய தொல்லை. "மாஸ்டர், இவவுக்கு விடை வந்தாலும் அடுத்ததுக்குப் போகமாட்டா. இருந்து அதையே பாத்துக்கொண்டிருப்பா."

மிஸ்ஸின் கடிதம்

அடுத்த வருஷம் தர்ஷினியை ஃபாஸ்டில் போடலாம் என்றேன். சிவநேசன் அண்ணை பள்ளிக்கூடத்திலும் ஒரு சொல் கேட்டார். அவளுடைய கணக்கு மிஸ் பதிலுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பிள்ளையைப் பற்றிய கடிதத்தைப் பிள்ளையிடமே வாசிக்கக் கொடுக்கக்கூடாது என்பது அண்ணையின் கொள்கை. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது; உறையைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார்.

கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் மகள் ஒரு கணக்கோடு நேரமெடுத்து இருக்க விரும்புகிறவள், அவளை யாரும் அவசரப்படுத்தினால் எனக்குக் கவலையாக இருக்கும், மதிய இடைவேளையில் நானே அவளுக்கு இன்னும் ஆழமான கணக்குகள் தருகிறேன் என்று மிஸ் எழுதியிருந்தார். எங்கள் ஊரில் இதற்கு ஒரே சொல் போதும்: ஆறுதலாகச் செய்கிற பிள்ளை. அவசரமில்லாமல், மனம் வைத்துச் செய்கிறவள் என்று அர்த்தம். அந்தச் சொல் என் வாய்க்குள்ளேயே இருந்தது. நான் சொன்னது வேறு. "பிள்ளை ஸ்லோவாம், அண்ணை. சோதினை வேண்டாமாம்."

இங்கிலிஷ் வராததற்காக எங்கள் பிள்ளைகளைக் கடைசி வகுப்பில் போட்ட பள்ளிக்கூடங்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று தப்பலாம். அது பொய். ஈஸ்ட் ஹாமில் ஒருவர் பதின்மூன்றில் எடுத்துக்கொடுக்கிறார். என் ஃபாஸ்டில் இன்னும் ஒருவர்கூடப் பாஸாகவில்லை. எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மதிய இடைவேளைக் கணக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அண்ணை நிமிர்ந்தார். "என்ரை பிள்ளை ஸ்லோவோ? அப்ப ஆர் எண்டு காட்டுவம், மாஸ்டர்."

பாஸ்

காட்டினோம். ஏன் எதற்கு என்று கேட்க விடாமல் இரண்டு வருஷப் பாடத்தை எட்டு மாதத்தில் அவள் தலைக்குள் இறக்கினேன். பதினாலு வயதில் சி வந்தது. சி என்றால் பாஸ். அண்ணை லட்டு கொண்டுவந்தார். நான் ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடையிலேயே, மற்ற மாஸ்டருடைய விளம்பரத்துக்குப் பக்கத்தில் பார்த்து என் விளம்பரத்தை ஒட்டினேன். சோதனை முடித்த பிள்ளைக்கு இனிக் கணக்கு எதற்கு என்று, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாட நேரத்தில் அவளை நூலகத்தில் உட்கார்ந்து வேறு பாடம் பார்க்க விட்டார்கள்.

பதினாறில் மேல்வகுப்புக்குக் கணக்குக் கேட்டாள். பி ஆவது வேண்டும், சி போதாது என்றார்கள். திரும்ப எழுதலாம். அப்பாவும் மகளும் என் முன்னறைக்கு வந்தார்கள். "பாஸ் பண்ணினதைத் திரும்ப எடுக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்றார் அண்ணை. திரும்ப எடுக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மளிகைக் கடையில் என் விளம்பரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தர்ஷினி என்னைப் பார்க்காமல் எழும்பினாள். "பரவாயில்லை அப்பா, வாங்கோ. மெத்ஸ்தான் எனக்கு எப்பவோ முடிஞ்சுதே."

கண் பரிசோதனை

தொண்ணூறுகளின் கடைசியில் பலகையில் என் எழுத்தே எனக்கு மங்கியது. இல்ஃபோர்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். உள்ளே வெள்ளைக் கோட்டோடு தர்ஷினி. நல்ல வேலை, நல்ல சம்பளம், முகத்தில் ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகிவிடலாம் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு முன்னால் பரிசோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "என்னை ஸ்லோ எண்டு எழுதின மிஸ் போன மாதம் இங்க வந்தவ. எனக்கு அவவோடை கதைக்க மனம் வரேல்லை. வேற ஆளிட்டை விட்டிட்டன்."

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. மிஸ் எழுதியதை, எழுதியபடியே, வரி வரியாகச் சொன்னேன். மதிய இடைவேளையையும் சொன்னேன். நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இருட்டறையில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைச் செருகினாள். எழுத்துகளைப் படபடவென்று சொல்லி முடித்துவிட்டு ஓடிவிடப் பார்த்தேன். அவள் விடவில்லை. "அவசரமில்லை, மாஸ்டர். ஆறுதலா வாசியுங்கோ."

ஒரு கடிதத்தைச் சரியாக மொழிபெயர்க்க எனக்குப் பத்து வருஷம் பிடித்திருக்கிறது. என் முன்னறையில் படித்தவர்களில் என்னைப்போல ஸ்லோவான பிள்ளை வேறு யாரும் இருந்ததில்லை.