ஒஜோவின் பங்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை, பொழுதும் சாயவில்லை. என் பெயர் லவீனியா. இது ஃப்ரீடவுனில், எங்கள் வீட்டு நிலவறையில், எனக்கே நடந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி அசைக்க முடியாமல் இருந்த காலம். அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

எங்கள் ஊரில் கிரியோல் சனங்கள் இரண்டு வகை. விடுதலை பெற்றவர்களாகக் கடல் தாண்டித் தாமே வந்து இறங்கியவர்கள் ஒரு வகை. அடிமைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோகும்போது ஆங்கிலேயக் கடற்படை மடக்கி, இந்தக் கரையில் இறக்கிவிட்டவர்கள் மறு வகை. முதல் வகைக்குத் தலைக்கனம் அதிகம். என் கணவர் தியோபிலஸின் கொள்ளுத்தாத்தா இரண்டாவது வகை. ஆனால் இவர் ஆபீசில் தன் துரையிடம் முதல் வகை என்று அளந்துவிட்டிருந்தார். பதவி உயர்வு வரப்போகிறதாம்!

அன்று மாமனாரின் நினைவு நாள். முற்றத்தில் குழி வெட்டி, காராமணிக் குழம்பு, பொரித்த வாழைக்காய், அக்காரா வடை எல்லாவற்றிலும் ஒரு பங்கு போட்டு, குடும்பத்தில் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சாப்பிட அழைக்க வேண்டும். கடைசியாக எப்போதும் ஒஜோ என்ற பெயர் வரும். யார் அது என்று கேட்டால், "கப்பல்ல இருந்தவன்" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

துரையும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜான், சாமுவேல், ரெபேக்கா என்று ஞானஸ்நானப் பெயர்களாகத் தியோபிலஸ் அழைத்தார். கடைசிப் பெயரை அப்படியே விழுங்கிவிட்டார்.

அவருடைய அத்தை ஜெமைமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், ஒருத்தன விட்டுட்டியேடா."

"சும்மா இருங்க அத்தை. யாருன்னு துரை கேட்டா என்னத்தச் சொல்றது?"

"ம்... துரைக்கு நாற்காலி. சொந்த ரத்தத்துக்கு ஒரு கை சோறு இல்ல. நல்லா இருடா."

பிளந்த கோலாக் கொட்டையை உருட்டினால் பாதி மல்லாந்தும் பாதி கவிழ்ந்தும் விழ வேண்டும். அப்போதுதான் செத்தவர்களுக்குத் திருப்தி. தியோபிலஸ் மறுபடி மறுபடி உருட்டினார். எல்லாமே கவிழ்ந்தன. "கொட்டை ஈரமா இருக்கு" என்று சிரித்து மழுப்பினார். வழக்கமாகக் குழிச் சோற்றுக்குக் கழுகுகள் அடித்துக்கொள்ளும். அன்று ஒன்றுகூட இறங்கவில்லை.

மணி நான்கு. துரை கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. மீந்த காராமணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போனேன். சுற்றிலும் கருங்கல் சுவர், தலைக்கு மேலே வீட்டின் பலகைத் தளம். சட்டியை இறக்கி வைத்தேன்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தேன். தள்ளினேன். அசையவில்லை. "ஏங்க!" என்று கத்தினேன். அந்த மழையில் யாருக்குக் கேட்கும்?

சொட்... உதட்டில் ஒரு துளி விழுந்தது. உப்புக் கரித்தது.

மழைத் தண்ணீர் உப்புக் கரிக்குமா?

நிமிர்ந்தேன். தலை பலகையில் இடித்தது. கையை உயர்த்தினாலும் எட்டாத பலகை அது. குனிந்தேன். பலகையும் கூடவே இறங்கியது. உட்கார்ந்தேன். இன்னும் இறங்கியது. வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு மல்லாந்து படுத்தேன்.

மூக்கை உரசியது பலகை.

புரளப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு தோள். வலப்பக்கம் ஒரு தோள். சில்லென்று... ஈரமாக...

தரை ஆடியது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்...

இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அடிசா..."

"அடிசா..."

மூச்சு முட்டியது. வயிற்றில் பிள்ளை ஒரு முறை உதைத்தது. பிறகு அசையவே இல்லை. ஐயோ, என் பிள்ளை... அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தது.

"ஒஜோ! ஒஜோ, வந்து சாப்பிடு!"

குரல் நின்றது.

துழாவினேன். சட்டி தட்டுப்பட்டது. ஒரு பிடி அள்ளி இடப்பக்கம் நீட்டினேன்.

உதடுகள்.

என் உள்ளங்கையில்... மெதுவாக...

கை காலியானது. இடப்பக்கத் தோளும் இல்லை.

வெளிச்சம்! தியோபிலஸ் விளக்கோடு நின்றார். பலகை உயரே, அதன் இடத்தில் இருந்தது.

"என்ன லவீனியா இது, கதவத் திறந்து போட்டுட்டுத் தரையில படுத்திருக்கே?"

பிள்ளை உதைத்தது. நான் ஓவென்று அழுதேன்.

ஜெமைமா அத்தை என் கையைக் கழுவிவிட்டாள். நான் கேட்ட பெயரைச் சொன்னதும் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

"அடிசாவா? அது எங்க தாத்தா பேரும்மா. வெள்ளைக்காரன் ஜான்னு எழுதுறதுக்கு முந்தி இருந்த பேரு. இப்ப என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே! ஒஜோ அவர் தம்பி. கப்பல்ல ரெண்டு பேரையும் ஒரே விலங்குல பூட்டியிருந்தாங்க. கரை வர்றதுக்குள்ள தம்பி செத்துட்டான்."

தியோபிலஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிடிச்ச கப்பல இங்கதான் உடைச்சு ஏலம் விட்டாங்க. தாங்க ரெண்டு பேரும் கிடந்த இடத்துப் பலகையத் தாத்தா தேடி வாங்கினார். தம்பிய விட்டுட்டு வர மனசில்ல. நிலவறைக்கு மேல, உங்க கட்டில் கிடக்கே... அந்தத் தளம்தான்."

தியோபிலஸ் கொட்டும் மழையில் இறங்கிப்போய், மூடியிருந்த குழியைத் திறந்தார். தெருவே கேட்கும்படி ஒஜோவை அழைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு சீரானது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது.

"அத்தை, வலப்பக்கத் தோள் போகவே இல்ல. விளக்கு வர்ற வரைக்கும் இருந்துச்சு. அது யாரு?"



"ஒஜோவுக்குப் பேரு சொல்ல ஒரு அண்ணன் இருந்தான்மா. அந்தப் பக்கம் கிடந்தவனுக்கு யாரு இருந்தா?"