சத்தியம் வாங்காதீர்கள்

மதிவதனிக்கு மூக்கு நுனியில் கோபம். அவள் பார்க்கிற வேலையோ, மற்றவர்களைக் கோபப்படாமல் இருக்கப் பழக்குவது. அண்ணாமலையார் மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் ஒரு சின்ன அறக்கட்டளையில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை என்று எதையும் விட முடியாமல் தவிப்பவர்களுக்கு எப்படி வைத்தியம் செய்வது என்று கிராம நர்சுகளுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் அவள் பயிற்சி கொடுக்கிறாள். நாற்காலி போடுவதும் படம் ஓட்டுவதும் டீ சொல்வதும் என் பொறுப்பு. அதனால் அவள் பாடம் எனக்கு மனப்பாடம்.

முதல் பாடமே திட்டாதே என்பதுதான். நம் ஆஸ்பத்திரிகளில் புகையிலை போடுகிறவனைக் கண்டால் ஆளாளுக்கு ஒரு வாய். பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவன் நினைக்காமலா இருப்பான்? விட நினைப்பவன் பலமுறை தவறித்தான் விடுவான், தவறுவது இந்த நோயின் குணம், தவறிய மறுநாள் அவன் யாரிடம் வந்து அதைச் சொல்கிறானோ அவர்தான் உண்மையான வைத்தியர் என்பாள். "ஜுரம் திரும்பி வந்தா நோயாளியத் திட்டுவீங்களா?" என்று கேட்பாள்.

அடி அண்ணாமலைப் பக்கம் நர்சாக இருக்கும் ஆதிலட்சுமி அந்த வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டாள். திரும்பிப் போனதும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். விட வேண்டும் என்று வந்தவர்களைச் சுகாதார நிலையத்து வாசலில் மலையைப் பார்க்க நிறுத்தினாள். ஒரு செங்கல்லின்மேல் சூடம் ஏற்றி, அண்ணாமலையார் ஆணையாக இனிமேல் தொடமாட்டேன் என்று அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ணவைத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கண்ணெதிரே சாமியே மலையாக நிற்கும்போது இதைவிடப் பெரிய மருந்து எது என்று நினைத்துவிட்டாள்.

ஒருவர்கூடத் தவறவில்லை என்று செய்தி பரவியது. நர்சுகளையெல்லாம் அழைத்த ஒரு கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் அவளுக்குச் சால்வை போட்டார், போட்டோ எடுத்தார்கள், எல்லா நர்சுகளும் இதையே செய்யலாமே என்று அவர் சொன்னார். மதிவதனி எழுந்து நின்று, கூடவே கூடாது என்றாள். சாமி காரியத்துக்கு ஏன் மேடம் குறுக்கே வருகிறீர்கள் என்று அவர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கூட்டம் முடிந்ததும் மதிவதனி படிக்கட்டில் ஆதிலட்சுமியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தருமே தவறலன்னா, ஒருத்தருமே உங்கிட்ட உண்மையச் சொல்லலன்னு அர்த்தம். சூடம் அடிச்சிட்டு அப்புறம் வராமப் போனவங்க யாரும்மா?"

ஆதிலட்சுமி சால்வையை மடித்தபடியே யோசித்தாள். வேன் ஓட்டும் தசரதன் என்றாள். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தது, புகையிலையை விட்டால் மறையலாம், மாதாமாதம் வந்து காட்டச் சொல்லியிருந்தேன், சத்தியம் பண்ணிய கொஞ்ச நாளில் ஆளைக் காணோம், குணமாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றாள். மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டியில் ஏறு என்றாள்.

தசரதனின் வீடு கிரிவலப் பாதையிலிருந்து ஒரு தெரு உள்ளே. எங்களைப் பார்த்ததுமே அவர் மனைவி ஜோதியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். சோறு இறங்குவதில்லை, கஞ்சி கரைத்துக் கொடுத்தால்தான் உண்டு. பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆள் ஏற்றிவரும் சவாரியைக்கூட விட்டுவிட்டார். வாசலில் உட்கார்ந்தாலும் மலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் சண்டைக்கு வருகிறார்.

தசரதன் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆதிலட்சுமியைக் கண்டதும் எழுந்து பின்பக்கம் போகப் பார்த்தார். மதிவதனி கூப்பிடவில்லை, மறிக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். அவளால் அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அவரே திரும்பி வந்து உட்கார்ந்து, ஆதிலட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஒரு வாரங்கூட தாங்கல, நர்சம்மா. தூரத்து சவாரி, கண்ணு சொக்குச்சி, ஒரு பொட்டலம் போட்டுட்டேன். சாமி மேல சத்தியம் பண்ணிட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு உங்கிட்ட வரது? இப்ப வாயெல்லாம் புண்ணு. இது சாமி குடுத்தது. இதுக்குப் போய் வைத்தியம் பண்ணா, அவருக்குக் கோவம் இன்னும் ஜாஸ்தியாவும்."

வியாதியோடு வந்த மனிதனைப் பாவியாக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். மருந்து கேட்டு வந்தவனுக்குத் தீர்ப்பு கொடுத்திருக்கிறோம். அதற்கு ஒரு சால்வை வேறு.

மதிவதனி மெல்லத் திரும்பி ஆதிலட்சுமியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

"நீ வாங்குன சத்தியம். நீயே திருப்பி எடு" என்றாள்.

ஆதிலட்சுமி ஜோதியம்மாளிடம் சூடம் கேட்டு வாங்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். மலை தெரிகிற இடமாகப் பார்த்து ஏற்றினாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தசரதன் வாசல்வரை வந்து நின்றார்.

"சாமி, இவருகிட்ட நான் சத்தியம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது என் தப்பு. அது இனிமே என் மேல இருக்கட்டும். தண்டன எதுனா இருந்தா எனக்கு வரட்டும். இவர வுட்டுடு."

சொல்லி முடித்துச் சூடத்தை அடித்தாள். விளையாட்டுக்குச் செய்யவில்லை. அவளும் அந்த மலையைக் கும்பிட்டு வளர்ந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மதிவதனிகூட இதை எதிர்பார்க்கவில்லை, எழுந்து நின்றுவிட்டாள். தசரதன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

புற்று, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்னதாகக் கீறி எடுத்திருக்கலாம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இப்போது கன்னத்தில் பெரும்பகுதியும் தாடையில் ஒரு துண்டும் போயின. உயிர் மிஞ்சியது. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வண்டியில் திரும்பும்போது, சால்வை போட்ட மனிதரை இழுத்துவந்து அந்தக் கன்னத்தைப் பார்க்கவைக்க வேண்டும் என்று மதிவதனி வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள். நானும் கத்தினேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

போன மாதம் மறுபடியும் ஒரு பயிற்சி. முன்பு வந்த நர்சுகளுக்கே இரண்டாம் சுற்று. நடுவில், அன்று வகுப்புக்கு வராத ஆதிலட்சுமியிடமிருந்து மதிவதனிக்குப் போன் வந்தது. தசரதன் ஒரு கல்யாண வீட்டில் யாரோ நீட்டிய புகையிலையை வாயில் போட்டுவிட்டாராம். விடிந்ததும் நேராக நிலையத்துக்கு வந்து, தவறிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள் ஆதிலட்சுமி.

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்கு எல்லாவற்றையும் சொன்னாள். யாரோ கை தட்டினார்கள். அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே கோபம்.

"கை தட்டாதீங்க. இவரு ஒருத்தரு வந்துட்டாரு. மத்தவங்க எங்க? அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் உங்கள்ல யாரெல்லாம் சூடம் ஏத்தி சத்தியம் வாங்குனீங்க, கையத் தூக்குங்க."

ஓரத்தில் ஒரு கை எழுந்தது. பிறகு அதற்குப் பின்னால் ஒன்று. முன்வரிசையில் இரண்டு. தலையைக் குனிந்தபடியே பாதிப் பேருக்குமேல் தூக்கிவிட்டார்கள்.

மதிவதனி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை.

"பாடம் போதும், எழுந்திருங்க. வீடு வீடாப் போயி அத்தனையும் திருப்பி எடுங்க. எடுத்துட்டு, வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க" என்றாள்.

டீ வருவதற்குள் அரங்கு காலியாகிவிட்டது.