பதிவேட்டில் எழுதாத மாப்பிள்ளை

கணபதி என்ற ஊரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் அட்டெண்டராக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழ் எழுதவும் படிக்கவும் வரும், கொஞ்சம் மெதுவாக. ஆள்களிடம் வாய் திறந்து பேசுவதுதான் எனக்கு அதைவிடச் சிரமம். நாற்பத்தைந்து வயதிலும், எதிரே ஒருவர் நின்றால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் பம்புகளை வாங்க முன்வந்தார். அதற்கு முன்னால், கம்பெனியின் கம்ப்யூட்டரை யார் யார் தொடுகிறார்கள், அதிலிருக்கும் தகவலை எப்படிக் காப்பாற்றுகிறோம், பழுதானால் என்ன செய்வோம் என்பதையெல்லாம் எழுத்தில் காட்டச் சொன்னார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்க அவர்கள் ஆள் ஒருவர் நேரில் வருவார் என்றும் சொல்லியிருந்தார்கள்.

இந்தக் காகிதங்களைத் தயார் செய்ய முதலாளி ஓர் ஆலோசகரை அமர்த்தினார். நாங்கள் அவரை ஃபைல்காரர் என்போம். "செய்யறதை எழுதுங்க, எழுதினதைச் செய்யுங்க. இதுல ஒண்ணும் மந்திரமில்லீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பார். நான்கு மாதத்தில் நான்கு தடித்த ஃபைல்கள் ஆயின. அதில் ஒரு பக்கம் என்னைப் பற்றியது. கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும், உள்ளே போகிற ஒவ்வொருவரின் பெயர், நேரம், வந்த காரணம், கையில் தகவல் ஏற்றிக்கொண்டுவரும் ஃபிளாப்பித் தகடு உண்டா என்பதை அட்டெண்டர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதில் இருந்ததாம். ஆங்கிலத்தில் இருந்ததைக் கம்ப்யூட்டர் அம்மணிதான் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். அந்த அறையில் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். முப்பது வயதிருக்கும். காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். கணவருக்கு உடம்பு சரியில்லாததால் வீடு இவர் சம்பளத்தில் ஓடியது.

அடுத்த பக்கத்தையும் படித்துக் காட்டினார். வெளி ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போடுகிறவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். அதன் கீழே முதலாளியின் கையெழுத்து இருந்தது.

கையெழுத்துக் கேட்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது. ஸ்டோர்காரர் தினமும் வம்பிழுப்பார். "ஏனுங்கண்ணா, உள்ள போறதுக்கே கையெழுத்துன்னா, வெளிய வாரதுக்குக் கைநாட்டுங்களா?" நான் பேனாவை நீட்டுவேன். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவார்.

முதலாளி வந்தால் மட்டும் நான் பேனாவை நீட்டியதில்லை. அவர் இடத்திலேயே அவரை நிறுத்தி, நீங்கள் யார், என்ன காரியமாக வந்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? அவர் பேரை என் கையால் எழுதவும் கூச்சமாக இருந்தது. முதலாளி வீட்டு ஆள்கள் யார் வந்தாலும் அப்படித்தான். எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவேன். அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் அம்மணி சாப்பிடப் போயிருந்தார். முதலாளியின் மாப்பிள்ளை வந்தார். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. சொந்த ஊர் சத்தியமங்கலம்.

"அம்மணி இல்லீங்களா?"

"சாப்பிடப் போயிருக்குதுங்க. இப்ப வந்துருமுங்க."

"பரவால்லீங்க. பையனுக்குக் காதுகுத்து வச்சிருக்கறோம். பத்திரிகைக்கு விலாசமெல்லாம் இதுல இருக்குது. ரெண்டு நிமிசத்துல அடிச்சுட்டுப் போயிர்றேன்." சட்டைப் பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துக் காட்டினார்.

பதிவேடு என் அக்குளில் இருந்தது. அதை இடுக்கிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டு, "மோர் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் போனார்.

வியாழன் காலை கம்ப்யூட்டர் எழும்பவில்லை. பழுதுபார்க்க வந்த இன்ஜினியர், வெளி ஃபிளாப்பியிலிருந்து வைரஸ் ஏறியிருக்கிறது, புதன் மதியம் ஒன்றே காலுக்கு என்று சொன்னார். சனிக்கிழமை நகல் எடுத்து வைத்த டேப்பிலிருந்து பழையதெல்லாம் திரும்ப வந்தது. திங்கள் முதல் புதன் வரை மோட்டார்களைச் சோதித்த கணக்கு மட்டும் போய்விட்டது. வெளிநாட்டு ஆள் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னையும் அம்மணியையும் கூப்பிட்டார். ஃபைல்காரர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்தது என்ன என்ற இடம் நிரம்பியிருந்தது. காரணம் என்ற இடம் காலியாக இருந்தது. மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். புதன் மதியம் அந்த அறையில் அம்மணி பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை.

"நான் அப்பச் சாப்பிடப் போயிருந்தேனுங்க" என்றார் அம்மணி.

"போனதுக்குப் பதிவு இருக்குதுங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

அம்மணி என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நான் இல்லாதப்ப ஆராச்சும் வந்தாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆரும் வரலீங்க அம்மணி" என்றேன்.

சொன்ன பிறகு எதையும் திருப்பி எடுக்க முடியவில்லை. மேனேஜர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, "திங்கக்கிழமை வந்து கணக்கை முடிச்சுக்கோங்க அம்மணி. ரூல் அப்படிங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அம்மணி அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். புதன்கிழமையின் இரண்டு வரிகளுக்கு நடுவே இடம் இருந்தது. நெருக்கி எழுதினால் ஒரு பேர் கொள்ளும். பேனாவை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கே எழுதியதுபோல் காட்டினால் அது இன்னொரு பொய். அதனால் கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு எழுதினேன்: "புதன் மதியம் ஒரு மணிக்கு ஐயா வீட்டு மாப்பிள்ளை வந்தார். ஃபிளாப்பி கொண்டுவந்தார். நான் அன்று எழுதவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை." கீழே என் கையெழுத்து. இவ்வளவையும் எழுதக் கால் மணி நேரம் ஆனது.

முதலாளி வந்ததும் பதிவேட்டை அவர் மேசையில் விரித்து வைத்தேன். ஃபைல்காரரும் கூட இருந்தார். முதலாளி இரண்டு முறை படித்தார்.

"மாப்ளைங்களா?"

"ஆமாங்கய்யா."

"அன்னைக்கே ஏன் எழுதல?"

"மாப்ளைகிட்டப் போய் எப்படிங்கய்யா கையெழுத்துக் கேக்கறது?"

அவர் பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஃபைல்காரரிடம், "இந்தப் பக்கத்தை எடுத்துப்போட்டா என்னங்க?" என்று கேட்டார்.

"பக்கமெல்லாம் நம்பர் போட்டதுங்க. மொத்தம் இத்தனை பக்கம்னு மொதப் பக்கத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க."

"அப்ப மாப்ளைகிட்ட ஆரு கேக்கறது? என்னால ஆகாதுங்க" என்றார் முதலாளி. ஃபைல்காரருக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி சிரிக்கவில்லை. கடைசியில் மகளிடம் போனில் கேட்டார். ஆமாம், ஃபிளாப்பி போட்டது உண்மைதான் என்று பதில் வந்தது.

காரணம் என்ற இடத்தில், பதிவேடு முறைப்படி எழுதப்படவில்லை என்று எழுதினார்கள். மாப்பிள்ளை என்ற சொல் அதில் வரவில்லை. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். என் பெயரை டைப் அடித்து எனக்கு வந்த முதல் காகிதம் அதுதான். அம்மணியைத் திங்கள் காலை வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் வந்தார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், அந்த வரிகளைப் படித்தார், உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டு ஆள் வந்தார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு வந்தவர் என் வரிகளில் நின்றார். மொழிபெயர்க்க அம்மணியைக் கூப்பிட்டார்கள். முதலாளியும் மேனேஜரும் பக்கத்தில் நின்றார்கள்.

"மூணு நாள் கழிச்சு எதுக்கு எழுதுனீங்கன்னு கேக்கறாருங்க" என்றார் அம்மணி. அண்ணா என்று சொல்லவில்லை.

அந்த ஒரு முறை நான் நிமிர்ந்து அம்மணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "பயந்துட்டேனுங்க. அதனால உங்க மேல பழி விழுந்துருச்சுங்க."

அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. வெளிநாட்டு ஆள் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அவர்கள் போன பிறகு, "என்னங்க அம்மணி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதைத்தானுங்க சொன்னேன்" என்றார். அழிந்துபோன மூன்று நாள் கணக்கைத் திரும்ப ஏற்ற உட்கார்ந்தார். சோதனைச் சீட்டுகளைத் தேதி வாரியாக எடுத்துக் கொடுக்க நான் பக்கத்தில் நின்றேன்.