தேனீக்கள் சாக நான் சொன்ன காரணம்

எங்கள் வீட்டு முருங்கை பூத்தால் எனக்குக் கிலி பிடித்துவிடும். பின்னாலேயே கம்பளிப்பூச்சியும் வரும். ஐந்தாவது படிக்கும்போது ஒன்று என் பின்கழுத்தில் விழுந்து, இரண்டு நாள் தடித்துக் கிடந்தேன். மூன்றாம் நாள், அம்மா கரப்பான்பூச்சிக்கு வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரேயை எடுத்து, மாடிப்படியில் நின்றபடி எட்டிய கிளைகளில் எல்லாம் டப்பா காலியாகும்வரை அடித்தேன். பெரிய காரியம் சாதித்த நினைப்பு.

அந்தப் பூக்களை நம்பித்தான் அப்பா தேனீப் பெட்டி வைத்திருந்தார். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை. ஒரே ஒருநாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்ததில் பாதி விஞ்ஞானி ஆகியிருந்தார். நான் ஸ்ப்ரே அடித்த மறுநாள் பெட்டிக்கு முன்னால் தேனீக்கள் கும்பலாகச் செத்துக் கிடந்தன. எறும்பு ஏறவில்லை, அடையை அரிக்கும் புழு இல்லை, தேனும் இருந்தது. ஒன்றை உள்ளங்கையில் வைத்து, நாக்கு வெளியே நீண்டிருப்பதைக் காட்டி, விஷம்தான் என்றார். எனக்குக் காலி டப்பா ஞாபகம் வந்தது. எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் சுற்றிலும் பார்த்தபோது, நான் துவைக்கும் கல்லைக் கை காட்டினேன்.

எங்கள் வீட்டின் பின்பகுதியில் ஓர் அக்கா வாடகைக்கு இருந்தார். கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்கும் வேலை. கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் அந்தக் கல்லில் சேலையை அலசிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார். தண்ணீர் வெள்ளிப்பொடி மினுங்க ஓடும். அதைத் தேனீக்கள் குடிப்பதைப் பார்த்தேன் என்றேன். பொய்யில்லை, பல மாதமாகக் குடித்துவிட்டு நன்றாகத்தான் இருந்தன. அதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எது செத்தாலும் பழி போடப் பட்டாசு மருந்து இருக்கிறது. அப்பா உடனே நம்பினார்.

சாயங்காலம் அவர் தன்மையாகத்தான் சொன்னார். "இனிமே இங்கன துணி அலசாதம்மா. ஒன் சேலைப் பொடியிலதான் அம்புட்டுத் தேனீயும் செத்துப்போச்சு."

அக்கா ஈரச் சேலையோடு அப்படியே நின்றார்.

"மருந்து முக்குற இந்தக் கையாலதான அண்ணாச்சி நான் பிள்ளைக்கு ஊட்டுறேன்?"

அப்பா தேனீப் பெட்டிப் பக்கம் போய்விட்டார். படித்தவர், தேனீயைப் பற்றி மட்டும். கதவுக்குப் பின்னால் நின்ற நான், அக்கா எதிர்த்துப் பேசுகிறாரே என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் அக்கா தெருக்குழாயில் வரிசையில் நின்று அலசினார். ஸ்ப்ரே தீர்ந்துபோயிருந்ததால் தேனீக்கள் தேறிவிட்டன. தன் கண்டுபிடிப்பு சரியென்று அப்பா அச்சகம் முழுக்கச் சொல்லிக்கொண்டார். வாய் திறக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது, நான் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அதன்பின் அக்கா பிள்ளைக்குக் கையால் சோறு ஊட்டவே இல்லை. ஸ்பூனால்தான். திடீர் நாகரிகத்தைப் பாரேன் என்று அம்மா சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். என் பேச்சை நம்பித்தான் அவர் தன் கையைக் கண்டு பயந்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.