‘காரணம்’ என்ற கட்டம்

கல்லூரியில் எல்லோரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அதற்கு முன் பதினெட்டு வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவர் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? அந்த வேலை போனதும் அவர் வாயால்தான். முதலாளி ஈயம் பற்றவைத்த சால்டரிங் சரியில்லை என்று வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டார்.

இப்போது மூன்றாம் மாடி ஆய்வகத்தில் டெக்னீஷியன் இடம் காலி. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் லேப் மேடம்.

"அந்தப் பழைய ஆசிலோஸ்கோப் நாலு மாசமா செத்துக் கிடக்கு. நானும் பாத்துட்டேன், பவர் சப்ளை எழும்பவே மாட்டேங்குது. நீங்க சரி பண்ணிட்டா இந்த வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்தாள்.

"கை மட்டும் வேலை செய்யட்டும். வாய்க்கு இன்னைக்கு லீவு, புரியுதா?"

"புரியுது, புரியுது."

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் அந்த ஆசிலோஸ்கோப் பெட்டியைத் திறந்ததுமே அவர் கை துறுதுறுத்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த நூறு வாட் குண்டு பல்பை மின்சாரம் போகிற வழியில் தொடராக மாட்டி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. உள்ளே எதுவோ மின்சாரத்தை மொத்தமாக விழுங்குகிறது. பன்னிரண்டு வோல்ட் வரவேண்டிய இடத்தில் மீட்டர் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.

ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, பழைய பழக்கத்தில் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அளந்தார். பவர் சப்ளை பலகையில் எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் அது தீனி போடுகிற பலகைகளில் ஒன்றுதான் திருடன். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு ஒரு பலகையின் ஒயரைப் பிடுங்கினார். மூன்றாவதைப் பிடுங்கியதும் பல்பு மங்கியது. மீட்டரில் பன்னிரண்டு வந்து நின்றது.

அந்தப் பலகையில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், பட்டாணி அளவுள்ள ஒரு கெப்பாசிட்டர் மட்டும் புதிதாக மின்னியது. பிளஸ், மைனஸ் மாற்றி வைத்திருந்தார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அது ஷார்ட் ஆகியிருக்கிறது. பக்கத்தில் அதை மாற்றியதற்கான சீட்டு: எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி, பச்சை மையில் லேப் மேடத்தின் கையெழுத்து.

வேலை கொடுக்கப்போகிறவரே செய்த தப்பு.

அதைக் கழற்றிவிட்டு, வேறொரு புது கெப்பாசிட்டரைச் சரியான பக்கமாக வைத்தார். சுவிட்சைப் போட்டதும் திரையில் பச்சைக் கோடு மெல்ல எழுந்து நின்றது. ஆறு வருடம் கழித்து வந்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட நேரமில்லை. பழுதுச் சீட்டை நிரப்ப வேண்டும். ‘காரணம்’ என்ற கட்டத்தில், "பழையதாகிவிட்டது" என்று எழுதினார். பொய்யென்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அப்போதுதான் அலமாரியில் இருந்த இன்னொரு ஸ்கோப்பைப் பார்த்தார். அதே ரகம். அதன் முதுகில் அதே மாதிரி பச்சை மைச் சீட்டு, அதே வாரத்துத் தேதி. திங்கட்கிழமை மாணவர்கள் போடப்போவது அதைத்தான். அதிலும் தலைகீழாக இருந்தால் அவர்கள் கண்முன்னாலேயே வெடிக்கவும் கூடும்.

மனைவியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எழுதியதை அடித்துவிட்டு, "கெப்பாசிட்டர் தலைகீழ்" என்று எழுதினார்.

மேடம் வந்து, பச்சைக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். சீட்டைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

"இதை வச்சது யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். அந்த ஸ்கோப்பையும் ஒரு தடவை திறந்து பாத்துடலாம்."

மேடம் தானே திருகுகளைக் கழற்றினார். அதிலும் தலைகீழ்தான். இன்னும் ஷார்ட் ஆகவில்லை.

"நாலு மாசம் தலையைப் பிச்சுக்கிட்டேன். நான் கை வச்ச இடத்தை மட்டும் பாக்கவே இல்ல" என்றார் மேடம், காது மடல் சிவக்க. பிறகு அந்தக் கட்டத்தில் அடித்திருந்ததையும், அடித்துத் திருத்தியிருந்ததையும் படித்தார். போச்சு, இனி ஸ்டூல்தான் என்று லிப்ட்காரர் முடிவே கட்டிவிட்டார்.

மேடம் பச்சைப் பேனாவை எடுத்து சீட்டின் கீழே கையெழுத்துப் போட்டார்.

"திங்கக்கிழமையிலிருந்து லிப்டுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிடறேன். நீங்க சால்டரிங் அயர்னை இங்கேயே வச்சுட்டுப் போங்க."