ராத்தாவின் நெஞ்சில் விழுந்த உதை

சில வருடங்களுக்கு முன்னால், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, மாலைதீவுக் கழகமொன்றுக்கு விளையாட மாலே நகரத்துக்குப் போயிருந்தேன். ஒப்பந்தம் பேசி முடிந்திருந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

என் ஊர் புத்தளம் மாவட்டத்தின் பள்ளிவாசல்துறை. கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகியவன் நான். புத்தளம் நகரத்துக் கழகமொன்று என்னை எடுத்தது. அங்கே ஆடியதைப் பார்த்துக் கொழும்பின் பெரிய கழகம் கூப்பிட்டது. பிறகு நாட்டு அணியின் சட்டையும் கிடைத்தது. மத்திய களம்தான் என் இடம். கோல் அடிப்பவனைத்தான் சனம் ஞாபகம் வைத்திருக்கும். எதிரியிடம் பந்தைப் பறித்து முன்னால் கொடுத்துவிட்டு, மறுபடி பின்னுக்கு ஓடிவருகிறவனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அண்டை நாட்டு அணியோடு கொழும்பில் கொட்டும் மழையில் ஆடிய ஆட்டத்தில், அவர்களுடைய தலைவனைக் கடைசி வரை அசையவிடாமல் மறித்தேன். அன்றைக்கு ஊர்த் தேத்தண்ணிக் கடையில் டிவிக்கு முன்னால் நிற்க இடமில்லை என்று உம்மா போனில் சொல்லிச் சொல்லி அழுதார். வெளிநாட்டுக் கழகம் தேடி வந்தது அதற்குப் பிறகுதான்.

மாலேயில் என்னைப் பரிசோதித்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் ஒரு பெண் டொக்டர். நான் தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மீன் ஆணம் எப்படி வைப்பது என்று கேட்டார். நான் கொறுக்காய்ப் புளி போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கருவியைத் திருப்பித் திருப்பி வைத்துத் திரையையே பார்த்தார்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே யாராச்சும் திடீர்னு இறந்திருக்காங்களா?"

வாப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் வாப்பா அப்படித்தான் மௌத்தானார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். மீன் பிடித்துக் கடலால் வந்து, மற்றவர்களோடு சேர்ந்து வள்ளத்தைக் கரைக்கு இழுத்து ஏற்றிவிட்டு, ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. வெயில் குடித்துவிட்டது என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்று நாங்களும் அடங்கிவிட்டோம். அதற்கு ஒரு நோயின் பெயர் இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை.

டொக்டர் கருவியைக் கீழே வைத்தார். இதயத்தின் தசை அளவுக்கு மிஞ்சித் தடித்திருக்கிறது, விளையாட்டுக்காரருக்கு வரும் சாதாரணத் தடிப்பு இதுவல்ல, பரம்பரையாக வருவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிடலாம் என்று விளக்கினார்.

"நீங்க இனிமே விளையாடக் கூடாது."

"நான் நாட்டுக்கு விளையாடுறவன், டொக்டர். போன மாசம்கூட முழு ஆட்டமும் ஓடியிருக்கன். எனக்கு ஒண்டுமில்ல."

"அதைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றார். "நான் சம்மதிச்சு எழுதித் தர மாட்டேன், தம்பி. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் உடனே காட்டுங்க."

நான் கெஞ்சினேன். பிறகு கோபத்தில் கத்தினேன். அவர் அசையவில்லை. காலையில் நாட்டு அணி வீரனாக உள்ளே போனவன், மத்தியானம் நோயாளியாக வெளியே வந்து நிற்கிறேன்.

ஊருக்கு வந்து, ஒப்பந்தம் சரிவரவில்லை என்று மட்டும் உம்மாவிடம் சொன்னேன். அடுத்த கிழமையே என்னுடைய முகவர் போன் எடுத்தார். வேறொரு நாட்டில் ஒரு கழகமாம், ஸ்கேன் எல்லாம் கேட்கமாட்டார்களாம், உடனே வரச் சொல்கிறார்களாம். நான் ஓம் என்றேன். பையைக்கூட அடுக்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மாலே டொக்டர் போன் எடுத்தார். "அக்காவைக் காட்டினீங்களா?" அங்கே இருந்தபோது எனக்கு ஒரு ராத்தா இருப்பதைச் சொல்லியிருந்தேன். பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார், அதே கேள்வி. ஒரு முறை பார்த்த அந்நிய நாட்டு விளையாட்டுக்காரனை இப்படி விடாமல் யார் தேடுவார்கள்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. ராத்தாவைக் கொண்டுபோய்க் காட்டுவோம். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், பரம்பரை நோய் என்று சொன்ன இந்த டொக்டர் பிழை என்று ஆகிவிடும். பிறகு நிம்மதியாக விமானம் ஏறலாம். உண்மையில் ராத்தாவைப் பற்றிய கவலையில் நான் போகவில்லை.

ராத்தாவுக்கு நோன்பு காலத்தில் இடைக்கிடை மயக்கம் வரும். இரத்தம் குறைவு என்று சொல்லிக் குளிசை கொடுத்திருந்தார்கள். நான் கூப்பிட்டபோது அவர் சிரித்தார்.

"பந்து அடிக்கிறவன் நீ. என்ட நெஞ்ச என்னத்துக்குப் பாக்கணும்?"

"சும்மா வாங்க ராத்தா. கொழும்பையும் பாத்துட்டு வரலாம்."

பாணும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். வழி நெடுகச் சிலாபத்துப் பாலம், தென்னந்தோட்டம் என்று காட்டிக்கொண்டே வந்தார். கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் ஸ்கேன் செய்த சிங்கள டொக்டர் முதலில் ராத்தாவோடு அரைகுறைத் தமிழில் நன்றாகத்தான் கதைத்தார். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். சற்று நேரத்தில் உள்ளே பேச்சு நின்றுபோனது. அந்த மௌனத்தை நான் மாலேயில் கேட்டிருந்தேன்.

டொக்டர் வெளியே வந்து சிங்களத்தில் என்னிடம் சொன்னார். எனக்கு இருப்பதுதான் ராத்தாவுக்கும். ஆனால் என்னைவிட அவருக்குத்தான் ஆபத்து கூட. அந்த மயக்கங்கள் ஒன்றும் இரத்தக் குறைவால் வந்தவையல்ல.

அதை ராத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர் அழவில்லை. "அப்ப, வாப்பாவுக்கும் இதுதானா?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்டதும் நான்தான் உடைந்துபோனேன்.

அன்றைக்கே முகவருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ராத்தாவின் நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். இதயம் தாளம் தப்பினால் அது தானாகவே மின்சாரம் பாய்ச்சி எழுப்பிவிடுமாம். இந்தக் கையளவு பெட்டி என்ன செய்யப் போகிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம்தான்.

சில மாதம் போனது. காற்றுக் காலம். ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கடலில் சறுக்கி விளையாட விடுகிற பெரிய பட்டங்கள் வானத்தில் தெரிந்தன. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். ராத்தா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கலியாணத்தைப் பற்றி என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். பாதிச் சொல்லில் குரல் நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், மணலில் விழுந்து கிடக்கிறார். கண்கள் மேலே செருகியிருக்கின்றன. நான் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினேன். கிட்டப் போகுமுன்னே அவருடைய உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. பிள்ளைகள் அலறினார்கள். நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"யார்டா என்ட நெஞ்சுல உதைச்சது?"

கொழும்பில் டொக்டர் அந்தக் கருவி பதிந்து வைத்திருந்ததைக் கணினியில் காட்டினார். ஒழுங்காகப் போன கோடு திடீரென்று வெறும் கிறுக்கலாகிறது. பிறகு ஓங்கி ஒரு கீறல். அதன் பின் மறுபடியும் ஒழுங்கான துடிப்பு. "இந்த இடத்தில் உங்கள் அக்கா போய்விட்டார்," என்று கிறுக்கலைத் தொட்டுக் காட்டினார். "இந்த இடத்தில் திரும்பி வந்தார்." அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நான் போயிருந்தால்? ராத்தாவை யார் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்? நானும்தான் எந்த நாட்டுப் புல்லில் விழுந்து கிடந்திருப்பேனோ?

மாலே டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் எடுத்தேன், அழுகை விடவில்லை. அவர், "அக்கா இப்ப சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

ராத்தாவின் பிள்ளைகளையும் காட்டினோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வருஷாவருஷம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நானும் மருந்து எடுக்கிறேன். மைதானத்துக்குப் போகிறேன், கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். மனசு முழுக்க ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நாட்டு அணி ஆடும்போது என் இடத்தில் இன்னொருவன் ஓடுவதைக் கடைசி வரை பார்க்க இன்றைக்கும் என்னால் முடிவதில்லை. பாதியில் டிவியை நிறுத்திவிடுவேன். ஆனால் அப்போது குசினிக்குள்ளிருந்து ராத்தா பிள்ளைகளை ஏசுகிற சத்தம் கேட்கும். எனக்கு முகங்கூடச் சரியாக ஞாபகமில்லாத ஒரு பெண் அன்றைக்கு என்னிடம் "எழுதித் தர மாட்டேன்" என்று சொன்னதால்தான் இந்தச் சத்தம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.