தாடை மட்டும் தெரியும் மனிதர்

மாடிப்படியில் மண்டியிட்டுத் தரைவிரிப்பை வெட்டிக்கொண்டிருக்கும் ட்ரெவர் ஓட்லிங், பாதி வெட்டில் கையை நிறுத்துகிறார். தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது. அடுத்த கணம், பிடித்த கத்தி பிடித்தபடி படியிறங்கி, சமையலறை வழியே ஓடி, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு புல்தரையில் போய் அண்ணாந்து நிற்கிறார். வீட்டுக்காரம்மா தேநீர்க் கோப்பையோடு சுவரில் ஒட்டிக்கொள்கிறாள். வானத்தில் ஒரு பயிற்சி விமானம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. அது மேகத்துக்குள் மறையும்வரை நின்றுவிட்டு, ட்ரெவர் உள்ளே வந்து மிதியடியில் காலைத் துடைக்கிறார்.

"பயந்துட்டீங்களாம்மா? ஒண்ணுமில்ல, மேல ஒருத்தன் போனான். பாத்துட்டு வந்தேன்."

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், வீட்டுக்கு விரிப்புப் போட அவரைக் கூப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன சங்கதி. மேடு பள்ளம் இல்லாத சீமை இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைக்கோஸ் வயல், அதற்கு மேல் ஒரே வானம், அந்த வானத்தில் எப்போது பார்த்தாலும் விமானப்படைக்காரர்கள் எதையாவது ஓட்டிப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை ஜெட் ஒன்று கூரையை உரசுகிற மாதிரி போனபோது, பாதிரியார் வீட்டு வரவேற்பறை விரிப்பில் ட்ரெவரின் கத்தி தன் போக்கில் போய்விட்டது. அந்த இடத்தில் இன்றைக்கும் ஒரு பூந்தொட்டி உட்கார்ந்திருக்கிறது. பாதிரியார் பெரிய மனசுக்காரர். யார் கேட்டாலும், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது என்று சொல்லிவிடுவார்.

"அஞ்சு நாள் அடுத்தவங்க வீட்டுத் தரையையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மிச்ச ரெண்டு நாளாச்சும் கழுத்த மேல தூக்க வேணாமா?" என்று ட்ரெவர் கேட்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்த ஐந்து நாளும் கழுத்து எங்கே இருந்தது என்பதை அவர் மனைவி ரோஸ்லினிடம் கேட்டால் தெரியும்.

மே மாதம் பிறந்துவிட்டால் விமானக் காட்சிகள் தொடங்கிவிடும். அதிலிருந்து செப்டம்பர்வரை சனி ஞாயிறுகளில் அந்த வீட்டில் ட்ரெவரைப் பிடிக்க முடியாது. பொழுது விடிந்ததும் விடியாததுமாக மாரிஸின் வேன் வாசலில் வந்து நிற்கும். மாரிஸ் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தொந்தியும் தொப்பியுமாக இருப்பார், எதைச் சொன்னாலும் முடிந்த முடிவாகச் சொல்வார். பின்சீட்டில் பெரில் தன் காமிராவை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டிருப்பாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி வெட்டிச் சுருட்டிவிடுகிறவள் அவள். வேனின் கூரையில் அவளுடைய அலுமினிய ஏணி. காட்சித் திடலின் வாசல் திறக்கும் முன்பே வரிசையில் நின்று, தடுப்புக் கயிற்றோரம் முதல் இடத்தைப் பிடித்து, மடக்கு நாற்காலிகளை விரித்து, பிளாஸ்க்கைத் திறந்துவிட்டால் அந்த மூவருக்கும் அதற்கு மேல் சொர்க்கம் என்று ஒன்று தேவையில்லை.

பெரில் ஏணியில் ஏறி நின்றதும் பின்னாலிருந்து கண்டிப்பாக ஒரு குரல் வரும்.

"ஏம்மா, எங்களுக்கு உன் முதுகுதாம்மா தெரியுது!"

"நல்ல முதுகுதானே, பாத்துட்டுப் போங்க!"

மழை வந்தால் நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேகம் தாழ்ந்து பறப்பதெல்லாம் ரத்தானாலும் கிளம்ப மாட்டார்கள். "கடேசில ஒண்ணு வந்தாலும் வரும்" என்பார் ட்ரெவர். வராது. ரோஸ்லின் இறைச்சி அடைத்துச் சுட்டுக் கொடுத்த சாஸேஜ் ரோல்களை ஈரத்தோடு தின்றுவிட்டு, பரம திருப்தியோடு வீடு திரும்புவார்கள்.

மற்றவர்களுக்கு வெயிலில் நெற்றி கறுக்கும், மூக்கு சிவக்கும். தொப்பி போட்டு அண்ணாந்தே நிற்கும் ட்ரெவருக்கோ தாடைக்கு அடியில் கறுக்கும். ஆகஸ்டில் அவர் சவரம் செய்ய உட்கார்ந்தால், கண்ணாடியில் தெரிவது பாதி வெள்ளைக்காரர், பாதி வேறு யாரோ. "உங்கப்பா கழுத்தப் பாத்தே எந்த மாசம்னு சொல்லிடலாம்டி" என்று ரோஸ்லின் மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் ஹெதருக்கு இந்த வருஷம் கல்யாணம். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் குடும்பப் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"அப்பா, இதுல நீ எங்க இருக்கன்னு காட்டு பாப்போம்."

ட்ரெவர் புரட்டினார். ஞானஸ்நானப் படத்தில் அவர் தாடை. கடற்கரையில் தாடை. மச்சினன் கல்யாணத்தில் கோட்டு, டை, அதற்கு மேல் தாடை. எல்லாப் படத்திலும் ஆள் இருந்தார். முகம் மட்டும் மேலே எங்கேயோ போயிருந்தது.

"எனக்கு நீ நகை நட்டு ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. கல்யாணப் படம் ஒண்ணே ஒண்ணுல, உன் மூஞ்சி நேரா இருக்கணும். அது போதும்."

"ப்பூ, இவ்ளோதானா! மூஞ்சிதானே, தந்துட்டாப் போச்சு."

ஹெதரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னாள். "எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தியே, ஞாபகம் இருக்கா? நீ கைய விட்டதும் நான் விழாமப் போனேன். நீ பாக்கறியான்னு திரும்பிப் பாத்தேன். நீ மேல பாத்துட்டு இருந்த."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. என்றோ நடந்த வேடிக்கையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ட்ரெவர் ஆல்பத்தை மூடி வைத்தார். அன்று மேலே போனது என்ன விமானம் என்பதுகூட அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மகளின் சைக்கிள் என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

முகூர்த்தத் தேதி வைத்ததில் அவர் பங்கும் உண்டு. "ஆகஸ்டு மூணாவது சனிக்கிழம உனக்கு ஏதாச்சும் இருக்காப்பா?" என்று ஹெதர் முன்கூட்டியே கேட்டிருந்தாள். அவர் கார் கொட்டகைக்குப் போய் காட்சித் தேதிகள் குறித்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "அன்னிக்கு ஒண்ணுமில்ல, தாராளமா வெச்சுக்க" என்றார். அந்த நாட்காட்டி போன வருஷத்தியது. அதன் ஆகஸ்டுப் பக்கத்தில் லாங்காஸ்டர் படம் போட்டிருந்தார்கள். போர்க்காலத்து நாலு எஞ்சின் விமானம், நாட்டில் பறக்கிற நிலையில் ஒன்றுதான் மிச்சம். அந்தப் பக்கத்தைத் திருப்ப மனசு வராமல் வருஷம் மாறியும் அப்படியே தொங்க விட்டிருந்தார்.

மே மாத முதல் காட்சிக்குப் போகும் வழியில் மாரிஸ் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மாப்ளே, ஒம் மக கல்யாணத்தன்னிக்குத்தான்டா கடக்கரை ஷோ."

"போடா, அது அதுக்கடுத்த வாரம்."

"அது போன வருசம். இன்னொண்ணு சொல்றேன், வண்டியிலேர்ந்து குதிச்சுறாத. ஷோவுக்கு லாங்காஸ்டர் வருது. நம்மூர் விமானத் தளத்துலேர்ந்து கெளம்பினா கடலுக்கு எந்த வழியாப் போவும்? நேரா உங்க சர்ச்சுக்கு மேலதான். பஸ் ரூட்டு எப்டியோ அப்டித்தான் ஆகாச ரூட்டும், எனக்கு அத்துபடி."

தேதியை மாற்ற வழியில்லை. சர்ச்சு, சாப்பாடு, வாத்தியம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. காட்சிக்குப் போக முடியாதது கூட ட்ரெவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் கழுத்தை நினைத்துத்தான் அவருக்குக் கலக்கம். படியில் நின்று படமெடுக்கிற நேரத்தில் அந்த நாலு எஞ்சின் சத்தம் கேட்டால், இந்தக் கழுத்து யார் பேச்சைக் கேட்கும்?

"பழக்கிடலாம்" என்றாள் பெரில். "நாய்க்குட்டிய பழக்கறதில்லையா?"

இப்படியாக இந்த வருஷத்துக் காட்சிகள் முழுக்க, காசு கொடுத்து உள்ளே போய், கயிற்றோரம் முதல் இடம் பிடித்து, ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் ட்ரெவர் ஓட்லிங்தான். எதிரே பெரில் காமிராவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பின்னால் விமானம் உறுமிக்கொண்டு எழும். ட்ரெவர் லென்ஸையே பார்க்க வேண்டும். தாடை அசைந்தால் அவர் பங்கு சாஸேஜ் ரோல் மாரிஸுக்கு. இதுதான் ஒப்பந்தம்.

"ஆடுது, ஆடுது! தாட ஆடுது!"

"கொட்டாவி விட்டேன்டா!"

"கொட்டாவி விடறவன் கண்ணு மேலயா போவும்? எடு ரோல."

மே மாதம் முழுக்க மாரிஸ் தின்றார். ஜூனில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் பெரிலின் தேநீரில் விழுந்தது. ஆனால் ட்ரெவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். ஹெலிகாப்டரை வென்றார். ஜெட்டுகளை, பல்லைக் கடித்துக்கொண்டு வென்றார். ஜூலையில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர்விமானம் தலைக்குமேல் குட்டிக்கரணம் போட்டபோது கண்ணில் நீர் முட்ட அசையாமல் நின்றார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர், "இவருக்கு என்ன கஷ்டமோ பாவம்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

லாங்காஸ்டரிடம் மட்டும் தோற்றார், ஒவ்வொரு முறையும். அதன் சத்தம் காதில் கேட்பதில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கிறது என்பார். "மேல போறதப் பாக்காம எப்டிடா இருக்க முடியுது உங்களால எல்லாம்?" என்று ஒருநாள் நிஜமாகவே கேட்டார். அவர்களிடம் கேட்டு என்ன பயன், அவர்களும் அந்த நேரத்தில் அண்ணாந்துதான் நின்றார்கள்.

ஆகஸ்டில் ரோஸ்லின் சவரக் கண்ணாடி வழியே புருஷனைப் பார்த்து அசந்துபோனாள். தாடைக்கு அடியில் வெள்ளைவெளேர் என்றிருந்தது. பிடரிதான் கறுத்திருந்தது.

"என்னங்க இது, உங்கள யாராச்சும் திருப்பி வெச்சிட்டாங்களா?"

கல்யாணத்தன்று நல்ல வெயில். பூந்தொட்டிப் பாதிரியார்தான் கல்யாணத்தை நடத்தி வைத்தார். மோதிரம் மாற்றி முடிந்து, மணியடிக்க, எல்லோரும் சர்ச்சுப் படிகளில் வந்து நின்றார்கள். நடுவில் ஹெதர், அவளுக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் ட்ரெவர். காமிராக்காரர் பொறுமைசாலி. உயரத்தைப் பார்த்து ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். மாரிஸும் பெரிலும் அவருக்கு இருபுறமும் போய் நின்றுகொண்டார்கள். ட்ரெவர் பார்க்க வேண்டியது தங்கள் முகத்தை மட்டும்தான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தாங்கள் இருவரும் மேலே பார்ப்பதில்லை என்று சத்தியமும் செய்திருந்தார்கள்.

"எல்லாரும் இங்க பாருங்க... கொஞ்சம் சிரிங்க..."

முதலில் அது தேனீ முனகுவது போல்தான் இருந்தது. வயலுக்கு அப்பால், மேற்கிலிருந்து. ட்ரெவரின் கழுத்து நரம்பு புடைத்தது. மாரிஸ் கண்ணாலேயே அதட்டினார். சத்தம் வளர்ந்தது. படிக்கல் அதிர்ந்தது. சர்ச்சுக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. முதலில் தலையைத் தூக்கியவர் பாதிரியார். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார், அப்புறம் ரோஸ்லின். பெரிலின் கை, இல்லாத காமிராவைத் தேடி நெஞ்சுக்குப் போனது. கடைசியில் மாரிஸும், செய்த சத்தியத்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தார்.

அந்தப் படம் இப்போது ஹெதர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. இத்தனை பேர் இருக்கும் படத்தில் வரிசை வரிசையாகத் தாடைகள்தான் தெரிகின்றன, மணப்பெண்ணுடையது உட்பட. அவளும் ட்ரெவர் பெற்ற பிள்ளைதானே. நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் நேராக இருக்கிறது. கண்ணெல்லாம் கலங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

அன்று படம் எடுத்து முடிந்ததுமே ஹெதர் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அவர் அப்போதும் அசையவில்லை. லாங்காஸ்டர் உச்சிக்கு வந்துவிட்டது. அதன் நிழல் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து, அவள் வெள்ளை உடுப்பின் மேல் ஏறி இறங்கியது. அவர் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எடுத்தாச்சுப்பா" என்றாள். "போயிடப்போவுது."

சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. ஹெதர் பூச்செண்டை மாப்பிள்ளை கையில் திணித்தாள். ஒற்றை விரலை அப்பாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, மெல்ல மேலே தூக்கிவிட்டாள்.